ஹரிக்கேன் அலைத் தகவல்: யார் அளக்கிறார்கள், யாருக்குக் கிடைக்கும்?

அட்லாண்டிக்கிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் ஹரிக்கேன் என்ற கடும் புயல் அடிக்கும்போது எழும் அலைகளை அமெரிக்க அரசு அளந்து, உடனுக்குடன் இணையத்தில் போடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை.

இதைச் செய்வது நோவா என்ற கடல், வானிலைத் துறையின் கீழ் வரும் தேசியத் தரவு மிதவை மையம். கடலடியில் நங்கூரமிட்ட மிதவை அலையோடு ஏறி இறங்கும்போது, உள்ளே இருக்கும் சென்சார் அந்த அசைவைப் பதிவு செய்து செயற்கைக்கோள் வழியாக அனுப்புகிறது.

ஒன்றை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே ‘அலை உயரம்’ என்று இருப்பது மிகப் பெரிய அலையின் உயரம் அல்ல. சுமார் 20 நிமிடத்தில் வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது அலபாமாவுக்குத் தெற்கே இருந்த 42040 எண் மிதவை 16.91 மீட்டர் காட்டியது. தனி அலை இதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வரைகூட எழலாம். படகில் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

கடும் புயலில் மிதவை அறுத்துக்கொண்டு போவதும் உண்டு. அதனால் வேறு வழிகளையும் பயன்படுத்துகிறார்கள். 2021 செப்டம்பர் 30 அன்று சாம் புயலுக்குள்ளேயே செயில்ட்ரோன் என்ற ஆளில்லாப் படகு நுழைந்து, சுமார் 15 மீட்டர் அலைகளுக்கு நடுவிலிருந்து படமும் அளவீடும் அனுப்பியது.

கரையில் இந்த வேலை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. புயல் வருமுன் பாலங்களிலும் படகுத்துறைகளிலும் சென்சார்களைப் பொருத்தி, ஓய்ந்ததும் கழற்றி எடுக்கிறார்கள். வீடு இழந்தவர்களுக்கு இது பெரிய விஷயம். அங்கே வீட்டுக் காப்பீடு பொதுவாகக் காற்றுச் சேதத்துக்குத்தான். வெள்ளத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். எது காற்றால் போனது, எது தண்ணீரால் போனது என்று பிரித்துப் பார்க்க, தண்ணீர் எப்போது எவ்வளவு ஏறியது என்ற இந்தப் பதிவு உதவுகிறது. அப்படிப்பட்ட கருவியைப் பார்த்தால் தயவுசெய்து தொடாதீர்கள். மிதவையில் படகைக் கட்டுவதும் கூடாது.

அப்புறம், உடனடியாக வரும் மிதவை எண்கள் கணினி மட்டும் சரிபார்த்தவை. ஆய்வுக்கோ ஆதாரத்துக்கோ வேண்டுமென்றால், அந்த மிதவை மையத்தின் இணையதளத்திலேயே பழைய ஆண்டுகளுக்கான காப்பகத்திலிருந்து எடுங்கள்.