ஈர் பேனாக எட்டு நாள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், தவறாமல் நடக்கும் வேலை ஒன்று உண்டு. மேல்படியில் அம்மா, கீழ்ப்படியில் பிள்ளை. கிழமை முழுவதும் கொழுந்து கிள்ளிக் கறையேறிய விரல்கள் முடியைப் பிரித்துக்கொண்டே போகும். இரண்டு பெருவிரல் நகங்களுக்கு நடுவே 'டிக்' என்று சத்தம் கேட்டால் அது உயிருள்ள ஈர். சத்தம் வராவிட்டால் வெறும் கூடு. அப்படிக் குனிந்திருந்த தலைகளில் என்னுடையதும் ஒன்று.

பெண் பேன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 ஈர் இடும். ஒவ்வொன்றையும் ஒரு பசையால் முடியோடு ஒட்டிவிடும். அந்தப் பசை காய்ந்ததும் முடியைச் சுற்றி உறைபோல இறுகிவிடுகிறது. முடியைப் போலவே அதுவும் புரதம் என்பதால், அதைக் கரைக்கக்கூடியது முடியையும் கெடுத்துவிடும். சவர்க்காரத்துக்கு அது அசையாது. "தலைச்சூட்டில் பேன் பிறக்கும்" என்பாள் எங்கள் அம்மாயி. சூட்டில் பிறப்பதில்லை, ஆனால் சூடில்லாமல் ஈர் பொரிப்பதுமில்லை. அதனால்தான் பேன் பெரும்பாலும் தலைத்தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஈர் இடுகிறது. 7 முதல் 9 நாளில் குஞ்சு வெளிவரும். மூன்று முறை தோலுரித்து, இன்னும் பத்து நாள் போல ஆனதும் எள்ளளவு பேனாகித் தானும் ஈர் இடத் தொடங்கும். ஈரைப் பேனாக்குகிறவர்கள் என்று ஊரைத் திட்டுகிறோம். அந்த வேலைக்கு எட்டு நாள் போதும்.

பேனுக்குச் சிறகில்லை, குதிக்கவும் தெரியாது. கொக்கி போன்ற ஆறு கால்களால் முடியைப் பற்றி ஊர்வது மட்டுமே தெரியும். ஆகவே தலையோடு தலை முட்டினால்தான் அதற்குப் பாலம் கிடைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், நுவரெலியாக் குளிரில், ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் படுத்தால் இரவு முழுவதும் பாலம்தான். இதில் அழுக்குக்கு வேலையே இல்லை. பேனுக்கு வேண்டியது இரத்தம். கழுவிய தலையிலும் கழுவாத தலையிலும் அது ஒன்றுதான். பீலித் தண்ணீரில் எவ்வளவு நேரம் தலையைக் காட்டினாலும் அது சாகாது. மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் நீருக்குள் கிடக்கும். என்னைக் கடைசி வாங்குக்கு அனுப்பிய ஆசிரியருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அரிப்பையும் நம்ப முடியாது. பேனின் எச்சிலுக்கு உடல் காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. முதல் தடவை பேன் பிடித்தால் அது தொடங்க நான்கு முதல் ஆறு கிழமை ஆகலாம். அக்காள் சொறிகிறாள், தங்கை சொறியவில்லை என்பதால் தங்கையின் தலை சுத்தம் என்று ஆகாது. வீட்டிலுள்ள எல்லாத் தலைகளையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

பேனைக் கொல்ல மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். விறகடுப்பு எரியும் வீட்டில் மண்ணெண்ணெய்த் தலையோடு பிள்ளை நடமாடுவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தும் அப்படித்தான். பெர்மெத்ரின் என்ற பேன் மருந்து பேனின் நரம்பைத் தாக்கும். ஆனால் உலகின் பல இடங்களில் பேன்கள் அதற்குப் பழகிவிட்டன. எல்லா ஈரையும் அது கொல்லாததால் ஒன்பதாம் நாள் போல மறுபடியும் பூச வேண்டும். டைமெதிகோன் என்ற சிலிக்கோன் எண்ணெயின் வழி வேறு. குடித்த இரத்தத்திலுள்ள நீரைப் பேன் மூச்சுத்துளைகள் வழியாகத்தான் ஆவியாக வெளியேற்றுகிறது. எண்ணெய் அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறது. நரம்பைத் தொடாத மருந்து என்பதால் பேன் அதற்குப் பழகுவது கடினம். கைக்குழந்தைக்கு எதையும் பூசுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

காசில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: பேன் சீப்பு. இஸ்ரேலின் லாக்கிசில் கிடைத்த ஏறக்குறைய 3,700 ஆண்டு பழைய தந்தச் சீப்பில், முடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்று எழுதியிருப்பதை 2022இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் சிக்கெடுக்கப் பெரிய பற்கள், மறுபக்கம் பேனுக்குச் சின்னப் பற்கள். நம் வீட்டு இரட்டைச் சீப்பேதான்.

ஈரத் தலையில் கண்டிஷனரோ தேங்காயெண்ணெயோ தாராளமாகத் தடவினால் பேன் ஓட முடியாமல் திணறும். தலைத்தோலைத் தொட்டு, நுனிவரை, பிடி பிடியாக வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். அம்மா செய்ததில் குறை, ஞாயிறு மட்டும் செய்ததுதான். முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என நான்கு முறை வாரினால், பொரிக்கும் குஞ்சு எதுவும் ஈர் இடும் வயதை எட்டுமுன் சீப்பில் சிக்கிவிடும். பதினேழாம் நாள் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

கம்பளியைப் பற்றிக் கவலை வேண்டாம். மழை விடாமல் பெய்து வெயிலில் போட முடியாவிட்டாலும், இரண்டு நாள் மடித்து வைத்தால் போதும். தலையை விட்டு இறங்கிய பேன் அதற்குமேல் தாங்காது. பிறகும் முடியில் வெள்ளையாக மின்னுபவை பெரும்பாலும் வெறும் கூடுகள். முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீட்டர் போல வளர்கிறது. தலைத்தோலிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒட்டியிருக்கும் ஈர் இரண்டு மாதத்துக்கு முந்தியது. அதற்காக யாருக்கும் மொட்டை அடிக்காதீர்கள்.