வீட்டு ஃபயர்வாலுக்கு எந்தப் பெட்டி?

இணைய இணைப்புக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் கணினியை வைத்து, அதில் ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ், ஓப்பன்டபிள்யூஆர்டி என்று ஏதாவது ஒரு மென்பொருளை ஏற்றி, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதிக்கும் ஃபயர்வாலாக ஓட்ட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பிராசசரின் பெயரையும் கோர்களின் எண்ணிக்கையையும்தான். நெட்வொர்க் சிப் எது, சுவர் பிளக்கில் எத்தனை வாட் இழுக்கிறது என்பதெல்லாம் வாங்கிய பிறகுதான் நினைவுக்கு வரும். இந்த வரிசையை மாற்றிப் பார்த்தாலே பாதிச் சிக்கல் குறையும்.

விளம்பரத்தில் ‘ஒரு ஜிகாபிட்’ என்று போடுவது பிட் கணக்கு. ஃபயர்வாலுக்கு இருப்பதோ பாக்கெட் கணக்கு, அதாவது தகவல் எத்தனை துண்டுகளாக வருகிறது என்ற கணக்கு. செக்போஸ்டில் லாரி நின்றாலும் பைக் நின்றாலும் காகிதம் பார்க்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே எவ்வளவு சரக்கு என்பது பொருட்டில்லை. 1,500 பைட் நிரம்பிய பாக்கெட்டுகள் மட்டும் வந்தால் ஒரு ஜிகாபிட் கம்பியில் நொடிக்குச் சுமார் 81 ஆயிரம்தான் கடக்க முடியும். மிகச் சிறிய, 64 பைட் பாக்கெட்டுகளாக வந்தால் அதே கம்பியில் 14.88 லட்சம். அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 672 நானோ நொடி. 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது வெறும் 672 துடிப்பு. பிராசசருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தில் இல்லாத ஒரு தகவலை ரேமிலிருந்து எடுத்து வரவே 100 நானோ நொடிக்குப் பக்கத்தில் ஆகிவிடும். ஆறேழு முறை அப்படிப் போய்வந்தால் நேரம் தீர்ந்தது.

வீட்டில் அந்த 14.88 லட்சம் வரப்போவதில்லை. முழு ஜிகாபிட் வேகத்தில் ஒரு கோப்பை இறக்கும்போது கீழே 81 ஆயிரம் பாக்கெட் வரும். பெரும்பாலும் இரண்டு பாக்கெட்டுக்கு ‘வந்துசேர்ந்தது’ என்று சொல்லும் ஒரு ஒப்புதல் பாக்கெட் வீதம் மேலே ஒரு 40 ஆயிரம் போகும். ஆக நொடிக்கு ஒன்றேகால் லட்சத்துக்குள் அடங்கும் வேலை. அதைத் தாங்கும் பெட்டி வீட்டுக்குப் போதும்.

ஃபயர்வால் விதிகளை நூறு, இருநூறு என்று எழுதினால் வேகம் படுத்துவிடுமோ என்ற பயமும் தேவையில்லை. ஒரு தொடர்பின் முதல் பாக்கெட் மட்டும்தான் விதிப் பட்டியலில் ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கப்படும். அது தேறியதும் அந்தத் தொடர்பு நிலை அட்டவணையில் பதிவாகிவிடும்; அடுத்து வருபவை அங்கே பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் போய்விடும். பிஎஃப்சென்ஸ் குடும்பத்தில் ஒரு பதிவுக்குச் சுமார் ஒரு கிலோபைட் ரேம் போகும். ஒரு லட்சம் தொடர்புகள் என்றாலும் 100 மெகாபைட் சொச்சம்தான். சாதாரண வீட்டு ஃபயர்வாலுக்கு 4 ஜிபி தாராளம். சுரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்காணிப்பையும் ஓட்டுவதென்றால் 8 ஜிபி வையுங்கள். ஆனால் வீட்டுப் போக்குவரத்தில் பெரும்பகுதி இப்போது குறியாக்கம் செய்யப்பட்டதுதான். உறையைப் பிரிக்காமல் கடிதத்தை ஆராயும் அந்த வேலைக்காகப் பெரிய பிராசசர் வாங்குவது அவ்வளவு லாபமில்லை.

பிராசசர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. இணைய நிறுவனம் பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பைத் தந்திருந்தால் கவனம் தேவை. நல்ல நெட்வொர்க் சிப்கள் வரும் பாக்கெட்டுகளின் முகவரியைப் பார்த்து அவற்றைப் பல வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையையும் ஒரு கோருக்குக் கொடுக்கும். பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் முகவரி பல சிப்களுக்குத் தெரியாது. அதனால் எல்லாம் முதல் வரிசையில், ஒரே கோரின் தலையில் விழும். ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் இரண்டிலும் பழைய பிபிபிஓஇ முறையில் இது நன்றாகவே தெரியும். முகப்புப் பலகையில் ‘சிபியு 25 சதவீதம்’ என்று சாதுவாகக் காட்டும். இணைப்போ 400 மெகாபிட்டைத் தாண்டாது. எந்த வேலை எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைத் த்ரெட் வாரியாகக் காட்டச் சொல்லிப் பார்த்தால் ஒரு கோர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டிருக்கும், மற்ற மூன்றும் சும்மா இருக்கும். நான்கில் ஒன்று என்பதால் சராசரி 25. பிபிபிஓஇ-க்கு எட்டு மெதுவான கோர்களைவிட நான்கு வேகமான கோர்கள் மேல் என்பது இதனால்தான். பிஎஃப்சென்ஸ் 2.8-இல் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இயங்கும் புதிய பிபிபிஓஇ வந்த பிறகு நிலைமை தேவலை. லினக்ஸை நம்பியிருக்கும் ஓப்பன்டபிள்யூஆர்டியில் இந்தத் தொல்லை குறைவு.

ஒரு காலத்தில் எல்லோரும் கைகாட்டிய பிசி என்ஜின்ஸ் ஏபியு2 போர்டு இங்கேதான் திணறியது. 1 கிகாஹெர்ட்ஸ், நான்கு கோர், 6 வாட் டிடிபி (பிராசசரின் வெப்ப அளவு); 300 மெகாபிட் இணைப்புக்கு அருமையான பெட்டி, ஜிகாபிட் பிபிபிஓஇ-க்கு அல்ல. அதன் இடத்தை இப்போது பிடித்திருப்பவை 2023-இல் வந்த இன்டெல் என்100 பிராசசரும் நான்கு 2.5 ஜிகாபிட் போர்ட்டும் கொண்ட சின்னப் பெட்டிகள். அதே 6 வாட் டிடிபி, ஆனால் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறும். ஜிகாபிட் வீட்டுக்கு இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

இனி நெட்வொர்க் சிப். இன்டெல் ஐ210, ஐ211 இரண்டும் ஜிகாபிட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2.5 ஜிகாபிட் ஐ225-வி சிப்பின் முதல் பதிப்பில் பாக்கெட்டுகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியில் பிழை இருந்தது. சில சுவிட்சுகளுடன் 2.5 ஜிகாபிட்டில் பேசும்போது பாக்கெட்டுகள் தொலையும், வேகம் தரைமட்டத்துக்கு வரும். பழைய சரக்காக வாங்கினால் பி3 பதிப்பா என்று கேட்டு வாங்குங்கள். அல்லது அடுத்து வந்த ஐ226-வி. அதிலும் மின்சேமிப்பு ஈதர்நெட் வசதியால் இணைப்பு விட்டுவிட்டு வருவதாகப் புகார்கள் உண்டு. அந்த வசதியை அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரியல்டெக் சிப் லினக்ஸில் ஒழுங்காக ஓடும். ஃபிரீபிஎஸ்டியில் அதனுடன் வரும் டிரைவர் சுமை ஏறும்போது ‘வாட்ச்டாக் டைம்அவுட்’ என்று பதிவில் எழுதிவிட்டு போர்ட்டைத் தொங்கவிடுவதுண்டு. ரியல்டெக்கின் சொந்த டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டிவரும். யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நிரந்தரமாக வேண்டாம்.

போர்ட் எத்தனை? வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, இரண்டு போதும். ஆறு போர்ட் இருக்கிறதே என்று அவற்றை பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே வலையாக இணைத்து, சுவிட்சாக ஓட்டுபவர்கள், சுவிட்ச் சிப் சும்மா செய்யும் வேலையைப் பிராசசர் தலையில் கட்டுகிறார்கள். தனி சுவிட்ச் வாங்குவதே சரி.

இணையத்தின் வழியே குறியாக்கப்பட்ட தனிப் பாதை போடும் விபிஎன் தேவைப்பட்டால் எந்த விபிஎன் என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும். ஓப்பன்விபிஎன், ஐபிசெக் இரண்டும் பொதுவாக ஏஇஎஸ் குறியாக்கத்தில் ஓடும். பிராசசரில் ஏஇஎஸ்-என்ஐ கட்டளைகள் இல்லாவிட்டால் வேகம் சரியும். பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இன்டெல் ஜே1900 பிராசசர் பெட்டிகளில் அது கிடையாது. வயர்கார்டு பயன்படுத்துவது சாச்சா20. அதற்கு ஏஇஎஸ்-என்ஐ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ராஸ்பெர்ரி பை 4-இல் ஏஇஎஸ் கட்டளைகள் இல்லை, எனவே அதில் வயர்கார்டுதான் பொருந்தும். அதில் ஈதர்நெட் போர்ட்டும் ஒன்றுதான்; விலான் (ஒரே கம்பியில் பல தனி வலைகளைப் பிரிக்கும் முறை) தெரிந்த சுவிட்சோடு சேர்த்து, ஒரே கம்பியில் உள்ளும் புறமும் பிரித்து ஓட்டலாம். பழைய சரக்கில் இன்னொரு எச்சரிக்கை: இன்டெல் ஆட்டம் சி2000 பிராசசர் வரிசையின் முதல் பதிப்பில் கடிகாரச் சமிக்ஞை காலப்போக்கில் செத்துவிடும் பிழை இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி, ஒருநாள் அணைத்துப் போட்டால் எழுந்திருக்காது.

மின்சாரக் கணக்கு எளிது. ஆண்டு முழுக்க ஓடும் கருவியில் ஒவ்வொரு வாட்டும் 8.76 யூனிட். 10 வாட் பெட்டி ஆண்டுக்குச் சுமார் 88 யூனிட் எடுக்கும். மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் 50 வாட் இழுத்தால் 438. ‘சும்மா கிடைத்தது’ என்பது சில ஆண்டுகளில் சும்மா இல்லாமல் போய்விடும். டிடிபி என்பது பிராசசரின் வெப்ப அளவு, சுவர் பிளக்கின் அளவு அல்ல. ரேம், எஸ்எஸ்டி, போர்ட்டுகள், அடாப்டர் இழப்பு எல்லாம் அதன்மேல் சேரும். 400 வாட் பவர் சப்ளையை 15 வாட் சுமையில் ஓட்டினால் அதன் திறன் மோசமாக இருக்கும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டியே நல்லது. மாற்று அடாப்டர் வாங்கும்போது முனையின் உள்விட்டம் 2.1 மில்லிமீட்டரா 2.5-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2.1 மில்லிமீட்டர் குழலுக்காகச் செய்த பின் 2.5 முனைக்குள் தளர்வாக உட்கார்ந்து, லேசாக ஆட்டினாலே பெட்டி ரீஸ்டார்ட் ஆகும்.

விசிறி இல்லாத பெட்டியில் உடல்தான் வெப்பம் வெளியேற்றும் தகடு. பிராசசருக்கும் உடலுக்கும் நடுவில் பேஸ்ட் சரியாக அமராவிட்டால் தொடும்போது பெட்டி குளிர்ந்தே இருக்கும், உள்ளே 90 டிகிரி ஓடும். வெளியே சூடாக இருப்பது நல்ல அடையாளம். எஸ்டி கார்டில் பதிவுகள் இடைவிடாமல் எழுதப்பட்டால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் இடமென்றால் நிறுவும்போதே இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பயாஸில் ‘மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கு’ என்ற அமைப்பை இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் யாராவது போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும்.

சோதிக்கும்போது, வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை ஃபயர்வாலின் மேலேயே ஓட்டாதீர்கள். அப்போது பெட்டி பாக்கெட்டுகளைக் கடத்துவதை விட்டுவிட்டுத் தானே தயாரித்துக்கொண்டிருக்கும். வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. வெளிப் போர்ட்டில் ஒரு கணினி, உள் போர்ட்டில் ஒரு கணினி, நடுவில் ஃபயர்வால். ஜிகாபிட்டில் 940 மெகாபிட் வந்தால் அதுதான் உச்சம். பிபிபிஓஇ என்றால் இன்னும் சற்றுக் குறையும். ஒரு திசையில் மட்டும் குறைந்தால் அந்தப் போர்ட்டின் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.