முதல் மைக்ரேட்டுக்கு முன்னால் இரண்டு வரி

பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் புதிதாகத் தளம் கட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மைக்ரேட் கட்டளையை ஓட்டிவிட்டீர்களா?" என்றுதான். மாடல்களில் எழுதிவைத்ததைத் தரவுத்தளத்தில் அட்டவணைகளாக்கும் கட்டளை அது. இல்லை என்றால் நிம்மதி; பயனருக்கான மாடலைச் சொந்தமாக அமைக்க இன்னும் நேரம் இருக்கிறது. ஓட்டியாயிற்று, பயனர்களும் சேர்ந்துவிட்டார்கள் என்றால் ஓர் இரவுத் தூக்கத்தை இப்போதே மறந்துவிடலாம்.

எனக்கு அந்த இரவு ஒரு வாடிக்கையாளரால் வாய்த்தது. தளம் எட்டு மாதம் ஓடிய பிறகு, "பயனர் பெயரெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? செல்பேசி எண்ணைக் கொடுத்து நுழையும்படி செய்யுங்கள்" என்றார். நியாயமான கோரிக்கை. நான் வைத்திருந்ததோ ஜாங்கோ தரும் இயல்பான யூசர் மாடல், அதாவது பயனர் கணக்கில் என்னென்ன விவரங்கள் இருக்கும் என்ற வரையறை. அதற்கு அடிப்படையாக ஜாங்கோ வைத்திருக்கும் அப்ஸ்ட்ராக்ட்யூசரைத் தழுவிப் புது மாடல் எழுதி, எந்த யூசர் மாடல் என்று செட்டிங்ஸில் சொல்லும் ஆத்_யூசர்_மாடலை மாற்றி, மைக்ரேட் கொடுத்தேன். 'இன்கன்சிஸ்டென்ட் மைக்ரேஷன் ஹிஸ்டரி' என்று முறைத்தது; மைக்ரேஷன்கள், அதாவது அட்டவணை மாற்றங்கள், ஓடிய வரிசை முரண்படுகிறதாம். ஜாங்கோவின் நிர்வாகப் பகுதியான அட்மினின் முதல் மைக்ரேஷன் இனி என் புது மாடலைச் சார்ந்தது. ஆனால் அது எட்டு மாதம் முன்பே ஓடி முடிந்திருக்கிறது. பேரப்பிள்ளை பிறந்தபின் தாத்தாவை மாற்றப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் தரவுத்தளத்துக்கு நகல் எடுத்துவிட்டு, புது மாடலுக்கும் யூசர் என்றே பெயர் வைத்து, பழைய ஆத்_யூசர் அட்டவணையையே அதற்குக் காட்டினேன். மைக்ரேஷன் பதிவேட்டில் ஒரு வரியைக் கையால் சேர்த்தேன். எந்த மாடல் எந்தச் செயலியைச் சேர்ந்தது என்று குறித்துவைக்கும் கன்டென்ட் டைப் அட்டவணையில் செயலியின் பெயரையும் திருத்தினேன். செல்பேசி எண்ணுக்கான புலத்தை அதற்கப்புறம்தான், தனி மைக்ரேஷனாகச் சேர்க்க முடிந்தது. அப்போது விடிந்துவிட்டது.

இத்தனைக்கும் தேவைப்பட்டிருப்பது முதல் நாளே இரண்டு வரி: அப்ஸ்ட்ராக்ட்யூசரைத் தழுவும் ஒரு கிளாஸ், உள்ளே எதுவும் செய்யாத வெறும் 'பாஸ்'. கூடவே செட்டிங்ஸில் ஒரு வரி. 2013இல் 1.5ஆம் பதிப்பிலேயே இந்த வசதி வந்துவிட்டது. இயல்பான மாடலே போதும் என்றாலும் சொந்தமாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜாங்கோவின் கையேடே அப்போது சொன்னது. நான் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் விட்டேன்.

சொந்த மாடல் இருந்தால், முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற பிரிவையும் கழற்றி எறியலாம். தலைப்பெழுத்தோடு வாழும் நம் ஊரில் அப்பா பெயரை எந்தப் பெட்டியில் போடுவது என்று பயனர்கள் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். இயல்பான மாடலில் மின்னஞ்சல் தனித்துவமானதும் அல்ல; ஒரே முகவரியில் இரண்டு கணக்குகள் உருவாகலாம். மின்னஞ்சலைச் சீராக்க ஜாங்கோ தரும் நார்மலைஸ்_ஈமெயில் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அது @ குறிக்கு வலப்பக்கத்தை மட்டுமே சிற்றெழுத்தாக்கும்.

இன்னும் வெறுமையான அடிப்படையான அப்ஸ்ட்ராக்ட்பேஸ்யூசர் வரை இறங்குவதானால், பயனர்களை உருவாக்கும் மேனேஜரையும் நீங்களே எழுத வேண்டும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அங்கே, கடவுச்சொல்லைத் திரும்பப் படிக்க முடியாத ஹேஷாக மாற்றும் செட்_பாஸ்வேர்டை அழைக்காமல் கடவுச்சொல்லை நேரடியாகப் புலத்தில் போட்டுவிட்டான். ஹேஷ் இல்லாத கடவுச்சொல்லை ஜாங்கோ ஏற்காது; யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. சோதனைத் தளத்திலிருந்து புகார் வந்த பிறகுதான் அட்டவணையைத் திறந்து பார்த்தோம். எல்லோருடைய கடவுச்சொல்லும் பச்சையாகக் கிடந்தது, என்னுடையதும்தான்.