கத்தி அப்புறம், முதலில் பாய்

ஞாயிறு விடியற்காலையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு வரும் கார்களில் ஒரு ரகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். டயர் முழுக்கச் செம்மண். பின் சீட்டில் மடிக்க நேரமில்லாமல் திணித்த கூடாரம். இறங்கி ஓடி வருகிறவர்களின் சட்டையில் விறகுப் புகை வாசனை. கனகபுரா பக்கமோ ராமநகர மலைப்பக்கமோ சனிக்கிழமை இரவு தங்கப் போனவர்கள்.

பெங்களூரில் அவசர சிகிச்சை மருத்துவராக எனக்குப் பதினைந்து வருடம் ஆகிறது. சேலம், கோவை, திருநெல்வேலி என்று நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள். நான் தமிழில் பேசியதும் பாதி பயம் போய்விடும். எனக்கும் கூடாரம் போட்டுத் தங்குவது பிடிக்கும். நானே வருடத்துக்கு நான்கைந்து முறை போகிறேன். ஆனால் இந்தப் பதினைந்து வருடத்தில் என்னிடம் உயிருக்குப் போராடி வந்தவர்களில் பெரும்பாலோர் மரம் ஏறியோ பாறையில் சறுக்கியோ வந்தவர்கள் இல்லை. தூங்கப் போனவர்கள். இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்.

வீடியோ பார்த்துவிட்டுக் காட்டில் தங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது கத்தி. அப்புறம் கைக்கோடாலி, தீப்பொறிக் குச்சி. படுக்கையைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஒரு பையன் இடுப்பில் ஆறாயிரம் ரூபாய்க் கத்தியோடு ஸ்ட்ரெச்சரில் வந்தான். அவன் இரவு படுத்தது வெறும் தரையில் விரித்த நீல நிறத் தார்ப்பாயில்.

சேலத்துப் பையன், 26 வயது. "நேத்து நைட் சாப்பிட்ட சிக்கன் ஒத்துக்கல போல, டாக்டர்" என்றார்கள் நண்பர்கள். இரவு மூன்று மணிக்கு வயிற்றுவலியில் எழுந்திருக்கிறான். இரண்டு தடவை வாந்தி. ஒரு மாத்திரை கொடுத்துத் திரும்பப் படுக்க வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது நெற்றியைச் சுருக்கிச் சுருக்கிப் பேசிக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் தூக்கக் கலக்கம் மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் விஷயம் தெரியும். இமை தானாக எழவில்லை, நெற்றித் தசையால் அதை இழுத்துத் தூக்கப் பார்க்கிறான்.

"தம்பி, தலையை அசைக்காம என் விரலை மட்டும் பாருங்க."

விரல் மேலே போனது. இமை போகவில்லை.

"எச்சில் முழுங்க முடியுதா?"

"கஷ்டமா இருக்கு, டாக்டர்." குரல் மூக்கு வழியாக வந்தது.

சட்டையைக் கழற்றித் தேடினோம். இடது தோளுக்குப் பின்னால் கொசு கடித்த மாதிரி இரண்டு புள்ளிகள். வீக்கம் இல்லை, வலி இல்லை, சிவப்புகூட இல்லை. கட்டுவிரியன். அரை மணி நேரத்தில் அவனுக்கு வென்டிலேட்டர் வைக்க வேண்டி வந்தது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்தோம். நடந்தே வீட்டுக்குப் போனான்.

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களின் படுக்கைக்குள் அது வந்துவிடுகிறது. தூக்கத்தில் நாம் புரண்டால் கடிக்கிறது. பல் சின்னது, கடி பெரும்பாலும் வலிக்காது. முதலில் வருவது வயிற்றுவலியும் வாந்தியும். அப்புறம் இமை சரியும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். விஷமுறிவு மருந்து அதற்கும் வேலை செய்யும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டில் அந்த மருந்து தயாராகிறது. ஆனால் நரம்பு நுனிகளைக் கட்டுவிரியன் விஷம் கெடுத்த பிறகு மருந்து ஏற்றினால் கெட்டதை அது திருப்பித் தராது. நரம்பு தானே தேறும்வரை இயந்திரம்தான் மூச்சு விட வேண்டும். அதனால் தரையில் படுத்து எழுந்தவருக்கு விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்றுவலி என்றால் சிக்கனைக் குறை சொல்லிக் காத்திருக்காதீர்கள். இமையைப் பாருங்கள், உடனே காரை எடுங்கள்.

படுக்கை விஷயத்தில் நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எடுத்தவை. அங்கே இரவில் ஆளைக் கொல்வது குளிர். எனவே சருகைக் குவித்து, அதற்குள் புகுந்து படுப்பதை முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊர்ச் சருகுக்குள் ஏற்கெனவே குடித்தனம் நடக்கிறது. தேள், பூரான், விரியன், கண்ணுக்கே தெரியாத பூச்சிகள். நம் ஆட்கள் இதைக் காலங்காலமாக அறிந்தவர்கள். தினைப்புனம் காத்தவர்கள் பரண் கட்டி மேலே படுத்தார்கள். தோட்டத்தில் காவல் இருக்கும் தாத்தா கயிற்றுக் கட்டிலில்தான் படுப்பார். காட்டில் தங்கும் கலையில் நம்முடைய பங்கு அந்தப் பரண்தான் என்று எனக்குத் தோன்றும்.

தனியார் தோட்டத்தில் தங்கினால் கட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இல்லையென்றால் அடித்தரையும் சுவரும் ஒரே துணியாகத் தைத்த, ஜிப் முழுவதும் மூடுகிற கூடாரம் வேண்டும். விளிம்பில் இடைவெளி விட்ட பழைய மாடல் வேண்டாம். ஜிப்பை உள்ளே போனதும் மூடுங்கள், வெளியே வந்ததும் மூடுங்கள். பகலில் திறந்து கிடந்த கூடாரத்துக்குள் இரவு நுழையும்போது படுக்கையை உதறி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் படுங்கள். ஷூவைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். ஊஞ்சல் படுக்கை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் கொசுவலை சேர்த்துத் தைத்ததாக இருக்க வேண்டும், கட்டும் பட்டை அகலமாக இருக்க வேண்டும், மேலே ஒரு தார்ப்பாய் வேண்டும். தார்ப்பாயைக் கட்ட இரண்டு முடிச்சு போதும். ஒன்று மரத்தைச் சுற்றி இறுகுவது, இன்னொன்று தளர்ந்தால் இழுத்து இறுக்கிக்கொள்ளக் கூடியது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிப் பழகுங்கள். விளக்கை அணைத்துவிட்டும் ஒரு தடவை கட்டிப் பாருங்கள். மழை நாம் தூங்கிய பிறகுதான் வரும்.

பெங்களூரே கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் நகரத்துக்கு வெளியே திறந்த வெளியில் இரவு நன்றாகவே நடுங்க வைக்கும். குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்துப் போர்வையை அடுக்குகிறார்கள். ஆனால் நம் உடம்புச் சூட்டை அடியிலிருந்து தரை உறிஞ்சுகிறது. தூங்கும் பையின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடுவதால் அங்கே காற்று நிற்காது, சூடும் நிற்காது. அடியில் ஒரு ஃபோம் பாய் போட்டால் இரண்டு போர்வைக்குச் சமம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பொருளை வாங்கச் சொல்வேன் என்றால் அந்தப் பாயைத்தான்.

இந்தக் குளிரில்தான் அந்தப் பயங்கரமான தவறு நடக்கிறது. பார்பிக்யூ முடிந்ததும் தணல் மிச்சம் இருக்கும். புகை இல்லை, ஜுவாலை இல்லை, சும்மா சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். "தட்டோட உள்ள வச்சுக்கலாம், கதகதப்பா இருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். புகையாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை, தொண்டை கரகரப்புகூட இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரு ஜனவரியில் கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண் நடு இரவில் வாந்தி வந்து எழுந்திருக்கிறார். "தலைக்குள்ள சுத்தியலால அடிச்ச மாதிரி இருந்துச்சு, டாக்டர். கால் நிக்கல. தவழ்ந்து போய் ஜிப்பை இழுத்தேன்." அவர் எழுந்திருக்காவிட்டால் இருவருமே இல்லை. கணவரை நினைவில்லாமல்தான் கொண்டு வந்தார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டியது. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் விஷவாயு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. ஒரே கூடாரத்தில் தூங்கிய எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் அது விஷவாயுதான் என்று வைத்துக்கொண்டு வெளியே இழுத்துப் போடுங்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள விஷவாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணி நேரமாகிவிடும். தணல், கேஸ் அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதுவானாலும் கூடாரத்துக்குள் வேண்டாம், காருக்குள்ளும் வேண்டாம். கொதிநீரைக் கசியாத பாட்டிலில் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டு, தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விடியும்வரை வெதுவெதுப்பு இருக்கும்.

இடம் பார்ப்பதும் படுக்கையின் ஒரு பகுதிதான். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே கூடாரம் போட்டுத் தங்கிய ஒரு பெண்ணை யானை தாக்கி அவர் இறந்துபோனார். பன்னேர்கட்டா, கனகபுரா, ஆனேக்கல், ஓசூர் எல்லாமே யானை நடமாடும் பகுதி. தண்ணீருக்குப் போகும் ஒற்றையடித் தடத்திலோ, ராகிக் கொல்லை ஓரத்திலோ கூடாரம் போடாதீர்கள். காவிரிக் கரை மணல் மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் மேலே அணையில் தண்ணீர் திறந்தால் இரவோடு இரவாக மட்டம் ஏறும். பாறை முகட்டில் பெருந்தேனீக் கூடு தொங்கினால் அதற்குக் கீழே புகை போடாதீர்கள். இன்னொன்று, காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் கர்நாடக வனச் சட்டம் 1963-இன்படி குற்றம். அனுமதி உள்ள இடத்திலோ தனியார் தோட்டத்திலோ தங்கினால் ஆபத்து நேரத்தில் கூப்பிட ஒரு ஆளும், ஆம்புலன்ஸ் வர ஒரு பாதையும் இருக்கும்.

தீ மூட்டுவது உண்மையில் எளிது, நம் சமையலறையிலேயே எல்லாம் இருக்கிறது. தேங்காய் நார், பன்னாடை, ஒரு கற்பூரக் கட்டி. ஈர விறகையும் கற்பூரம் பிடிக்க வைத்துவிடும். (குழந்தைகள் கூட வந்தால் டப்பாவைப் பத்திரப்படுத்துங்கள். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரலாம்.) தீக்குச்சி கனம், பென்சில் கனம், கட்டைவிரல் கனம் என்று மூன்று குவியல் சேர்த்து வைத்துக்கொண்டு அப்புறம் பற்ற வையுங்கள். ஒடித்தால் பட்டென்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் அது பச்சை. ஆற்றுக் கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். பிப்ரவரி முதல் மே வரை விறகுத் தீயே வேண்டாம் என்பேன். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீ கொண்டுபோனதை நாம் மறக்க முடியாது. ஸ்பிரிட் அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றுவதும் அடிக்கடி பார்க்கிற விபத்து. பகல் வெளிச்சத்தில் அந்த ஜுவாலை கண்ணுக்குத் தெரியாது. சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர், வேறொன்றும் பூச வேண்டாம்.

தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். நம்மைச் சுற்றியுள்ள மலை உயரங்களுக்கு அது போதும்.

கத்திக்கு வருகிறேன். என்னிடம் வரும் வெட்டுக்காயங்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான். இடது கை ஆள்காட்டி விரல், அப்புறம் தொடை. மடியில் வைத்துச் செதுக்குவார்கள், கத்தி வழுக்கும். தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, கட்டையை முழங்காலுக்கு அந்தப் பக்கம் நீட்டிச் செதுக்குங்கள். மடக்குக் கத்தி வேண்டாம், அழுத்தும்போது விரல் மேலேயே மூடிக்கொள்ளும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். விரலை மடக்க முடியவில்லை, நுனி மரத்திருக்கிறது என்றால் காயம் சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே வாருங்கள். தசைநார் அறுந்திருக்கலாம்.

கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு மருத்துவமனைகளின் பெயரும் எண்ணும் எழுதிக்கொள்ளுங்கள், சிக்னலும் பேட்டரியும் காட்டில் நம் பேச்சைக் கேட்காது. முந்தின நாளே போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறதா, வென்டிலேட்டர் இருக்கிறதா. பாம்பு கடித்தால் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றுங்கள். கடித்த கையையோ காலையோ ஒரு கம்பு வைத்து அசையாமல் கட்டி, ஆளைப் படுக்க வைத்தே கொண்டு வாருங்கள். கயிறு இறுக்க வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்கவும் வேண்டாம், அறிகுறியைப் பார்த்தே மருந்து கொடுப்போம்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் இரண்டு, மூன்று வாரம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புல்லிலும் புதரிலும் உட்கார்ந்தவர்களுக்குப் பத்து நாள் கழித்து வரும் காய்ச்சல், புதரிலிருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கலாம், வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையிலேயே குணமாகும். டிசம்பர் முதல் மே வரை சிவமொக்கா பக்கம் மலைநாட்டுக்குப் போனவர்களுக்கு உண்ணியால் வரும் குரங்குக் காய்ச்சலும் இருக்கிறது. 1957-இல் அங்கே கியாசனூர் காட்டில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இந்த இரண்டையும் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து ஒரு வாரம் ஓட்டியவர்கள் என்னிடம் மோசமான நிலையில் வந்திருக்கிறார்கள். நகரத்து கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு நீங்கள் எங்கே படுத்தீர்கள் என்பது தெரியாது. காய்ச்சல் என்று போனால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், பத்து நாள் முன்னாடி காட்டுல தங்கியிருந்தேன்."