சம்ப் மோட்டார் தண்ணீரோடு ஆயிலையும் இறைத்துவிடாமல் இருக்க: சட்டம் கேட்பதும் குழியில் செய்ய வேண்டியதும்

கன்னியாகுமரி மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால், தரைக்குக் கீழே தோண்டிய குழிகளில் ஆண்டின் பல மாதங்கள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். லிஃப்ட் குழி, அடித்தள ஜெனரேட்டர் அறை, பட்டறையில் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி, வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் சேகரிப்புத் தொட்டி ஆகிய எல்லாவற்றிலும் அந்தத் தண்ணீரை வெளியே இறைக்கச் சம்ப் மோட்டார் இருக்கிறது. அதை இயக்கவும் நிறுத்தவும் ஒரு மிதவை சுவிட்ச் தொங்குகிறது. மிதவைக்குத் தெரிவது மட்டம் மட்டுமே. மேலே நிற்பது தண்ணீரா, டீசலா, பழைய என்ஜின் ஆயிலா என்பது அதற்குத் தெரியாது.

நாகர்கோவிலில் உறவினர் ஒருவரின் வணிகக் கட்டடத்தில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மழை நாளொன்றின் இரவில் ஜெனரேட்டரின் டீசல் குழாய் கசிந்து தரை வழியாகச் சம்ப் குழியில் இறங்கியது. மோட்டார் விடியும்வரை தன் வேலையைப் பிசகின்றிச் செய்தது. காலையில் கடை வாசலில் உள்ள ஓடை முழுவதும் வானவில் நிறத்தில் மின்னியது, தெருவெங்கும் டீசல் வாடை. கட்டடத்தில் ஒருவரும் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. கவனிக்க ஆள் இல்லாத நேரத்தில் மோட்டாரை நிறுத்த ஒரு கருவியும் இல்லை என்பதே குறை.

நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974 இதை எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அதன் 24ஆம் பிரிவு, மாசுபடுத்தும் பொருளை அறிந்தே நீரோடையிலோ, கிணற்றிலோ, கழிவுநீர்க் கால்வாயிலோ, நிலத்திலோ விடுவதையும், விட அனுமதிப்பதையும் எவருக்கும் தடை செய்கிறது. ஓடுகின்ற நீர்வழியும், தற்போது வறண்டு கிடக்கும் நீர்வழியும், குளமும், நிலத்தடி நீரும் சட்டத்தின் பார்வையில் ‘நீரோடை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. கழிவுநீரைக் கொண்டுசெல்லும் கால்வாய் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் கால்வாய்தான். ஆகவே “இது வெறும் மழைநீர் ஓடை, கோடையில் காய்ந்துவிடும்” என்ற பதில் செல்லாது. தொழில் நடக்கும் இடத்திலிருந்து கழிவுநீரை வெளியேற்ற, 25ஆம் பிரிவின்படி தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணை வேண்டும்: தொடங்குவதற்கு முன் நிறுவுவதற்கான இசைவாணை, பிறகு இயக்குவதற்கான இசைவாணை.

எவ்வளவு எண்ணெய் வரை அனுமதி என்பதைச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986இன் ஆறாம் அட்டவணை சொல்கிறது. ஆறு, குளம் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் நீரில் எண்ணெயும் கிரீஸும் சேர்ந்து லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசனத்திற்காக நிலத்தில் விடும் நீருக்கும் அதே 10. பொதுக் கழிவுநீர்க் கால்வாய்க்கும் கடற்கரை நீருக்கும் 20. ஒரு லிட்டர் என்ஜின் ஆயிலின் எடை ஏறத்தாழ 880 கிராம். அந்த ஒரு லிட்டர், 88,000 லிட்டர் தண்ணீரை 10 மில்லிகிராம் என்ற வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் ஏழு நடைக்கு மேல். நாகர்கோவில் பகுதியில் ஓடும் பழையாறு சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலோடு சேர்கிறது. அதன் அருகிலுள்ள சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுப்பு பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022ஆம் ஆண்டில் இடம்பெற்றது. நம் பட்டறைக் குழியின் ஒரு லிட்டருக்கு இந்தப் பின்னணியில்தான் கணக்கு வைக்க வேண்டும்.

இந்தச் சட்டமும் அட்டவணையும் ‘இன்ன கருவியைப் பொருத்து’ என்று சொல்லவில்லை. வெளியே வரும் நீர் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. கருவியைத் தேர்ந்தெடுப்பதும், அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் உரிமையாளரின் பொறுப்பாகிறது. அதனால் குழிக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எண்ணெய் தண்ணீரைவிட எடை குறைந்தது, மேலே மிதக்கும். நீர்மூழ்கி மோட்டார் அடியிலிருந்து உறிஞ்சும். எனவே குழியில் தண்ணீர் நிறைய இருக்கும்வரை வெளியே போவது தண்ணீர்தான். மட்டம் இறங்கி, மேலே மிதக்கும் படலம் உறிஞ்சும் வாயை நெருங்கும்போதுதான் ஆயில் கிளம்புகிறது. மிதவையின் நிறுத்தும் மட்டத்தை உயர்த்தி அடியில் எப்போதும் ஓர் அடி நீர் நிற்கும்படி வைத்தால் சிறு கசிவுகள் தப்பும். ஆனால் படலமே ஓர் அடி தடிமனாகிவிட்டால் மிதவை அந்த ஆயிலின் மேல்தான் மிதக்கும். தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் ஓடும். செலவு குறைவு என்று மிதவையை மட்டும் நம்புவது போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்குத் தீர்வு, மின்கடத்தும் தன்மையைப் பார்க்கும் உணர்கம்பி. ஊற்று நீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. மோட்டாரின் உறிஞ்சும் வாய்க்குச் சற்று மேலே இரண்டு கம்பிகளைப் பொருத்தி, அவற்றை மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் ரிலேயோடு (மோட்டாரின் மின்சாரத்தைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) இணைத்தால், கம்பிகள் தண்ணீரில் மூழ்கியிருக்கும்போது மட்டுமே மோட்டாருக்கு மின்சாரம் போகும். ஆயில் தொட்டவுடன் மோட்டார் நின்று, பேனல் போர்டில் மணி அடிக்க வேண்டும். கம்பியில் ஒயர் அறுந்தாலும், மின்சாரம் கடத்தாத எண்ணெய்ப் பசை படிந்தாலும் மின்சாரம் கடக்காமல் மோட்டார் நின்றுவிடும். பழுது ஏற்பட்டால் ஆற்றின் பக்கம் போகாமல் நம் பக்கமே தொல்லை வரும்படி அமைந்திருப்பது இதன் நல்ல குணம். ஆனால் மோட்டார் நின்றால் குழி நிறையும். ஆகவே உயர்மட்ட எச்சரிக்கைக்கென்று தனியாக இன்னொரு மிதவை வேண்டும். அதன் மணி இரவிலும் ஆள் இருக்கும் இடத்தில் ஒலிக்க வேண்டும். மணி தொந்தரவு என்று ரிலேயைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுக்கும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். அப்படிச் செய்த அன்றே கருவி இல்லை என்றாகிவிடுகிறது.

வாட்டர் சர்வீஸ் நிலையங்கள் ஒன்றைத் தனியாக அறிந்துகொள்ள வேண்டும். ஷாம்பூவும் சோப்பும் ஆயிலை நுண்துளிகளாக்கித் தண்ணீரில் கலந்துவிடும். பால் போல் வெளுத்த அந்தக் கலவை மின்சாரத்தைக் கடத்துவதால், உணர்கம்பி அதைத் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளும். வேகமாகச் சுழலும் மோட்டாரும் ஆயிலை அதே போல் கலக்கும். துளியின் விட்டம் பாதியானால் அது மேலே எழும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். எனவே எண்ணெய் பிரிக்கும் தொட்டி மோட்டாருக்கு முன்னால், தண்ணீர் தானாக வழிந்து வரும் இடத்தில் இருக்க வேண்டும். தடுப்புச் சுவரின் அடியில் மட்டும் வழிவிட்ட இரண்டு மூன்று அறைகளும், மணல் தங்க முன்னால் ஒரு சிறு அறையும் போதும். சோப்பில் கலந்த ஆயில் இதிலும் முழுமையாகப் பிரியாது. அதற்குத் தனிச் சுத்திகரிப்பு வேண்டும். பெட்ரோல் இறங்கக்கூடிய குழியாக இருந்தால் ஆவி தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அங்கே சாதாரண மோட்டாரோ சுவிட்சோ கூடாது.

மேலே தேங்கும் ஆயிலை அள்ளி எடுத்த பிறகு அது அபாயகரக் கழிவு விதிகள், 2016க்குள் வருகிறது. மூடிய பீப்பாயில், பெயர் எழுதி, மழை படாத சிமென்ட் தரையில் வைக்க வேண்டும். 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆண்டுக்கு 10 டன் வரை உருவாக்கும் சிறிய இடங்களுக்கு வாரியம் 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம். அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கோ, அனுமதி பெற்ற அகற்றும் நிலையத்திற்கோ மட்டுமே கொடுக்க வேண்டும். படிவம் 3இல் பதிவேடும், அனுப்பும்போது கூடவே செல்லும் சீட்டான படிவம் 10உம், ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் படிவம் 4இல் அறிக்கையும் வேண்டும்.

இசைவாணைக்கு வாரியத்தின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. இடத்தின் வரைபடத்தில் சம்ப் குழி, பிரிப்புத் தொட்டி, வெளியேறும் குழாய் மூன்றையும் குறித்துக் கொடுத்தால் ஆய்வின்போது கேள்விகள் குறையும். ஆணை பாதகமாக வந்தால் 28ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விபத்தால் ஆயில் வெளியேறிவிட்டால், 31ஆம் பிரிவின்படி உடனே வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மறைப்பதைவிட இது எல்லா வகையிலும் மேல், ஏனென்றால் 33அ பிரிவு தொழிலை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிடும் அதிகாரத்தை வாரியத்திற்குக் கொடுத்திருக்கிறது.

சின்னமுட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் துறைமுகங்களின் விசைப்படகுகளில் என்ஜினுக்கு அடியில் தேங்கும் நீருக்கும் இதே இயல்புதான் பொருந்தும். மொத்தக் கொள்ளளவு (gross tonnage) 400உம் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குப் பன்னாட்டு விதி பத்து லட்சத்தில் 15 பங்கு என்ற வரம்பை வைத்து வடிகருவியைக் கட்டாயமாக்குகிறது. நம் படகுகள் அவ்வளவு பெரியவை அல்ல என்றாலும், அடித்தட்டு நீரைக் கடலில் இறைக்காமல் கரையில் பீப்பாயில் சேர்ப்பதே சரி.

ஜூன் தொடங்குமுன் ஒரு முறையும் அக்டோபர் தொடங்குமுன் ஒரு முறையும் கருவியைச் சோதியுங்கள். உணர்கம்பியை வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் முக்கினால் ரிலே இணைய வேண்டும். பழைய ஆயில் ஊற்றிய இன்னொரு வாளியில் முக்கினால் அது துண்டித்து மணி அடிக்க வேண்டும். வெளியேறும் நீரை ஆய்வகத்திற்கு அனுப்பும்போது கண்ணாடிப் புட்டியில் எடுங்கள். பிளாஸ்டிக் புட்டியின் சுவரில் ஆயில் ஒட்டிக்கொள்வதால் அளவு குறைவாகக் காட்டும்.