சாரத்தில் குறுக்குக் கம்பு போனால்

"முன்னெல்லாம் மேல் அலமாரி டப்பா கைக்கு எட்டும், இப்ப எட்டல." அறுபதைத் தாண்டிய பெண்கள் இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டு நகராதீர்கள். இளவயதில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தால், எலும்பு மெலிந்து வலுவிழக்கும் எலும்புப்புரையால் முதுகெலும்புக் கட்டை ஒன்று சத்தமில்லாமல் நசுங்கியிருக்கலாம். இப்படி நசுங்குவதில் பெரும்பாலானவை முதுகுவலி என்ற பெயரில் தைலத்தோடு முடிந்துவிடுகின்றன.

எலும்பு, வளர்ந்து முடிந்ததும் அப்படியே கிடக்கும் கல் அல்ல. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. இடிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அமிலம் சுரந்து சுண்ணாம்பைக் கரைத்துக் குழி பறிக்கும். சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். அந்தக் குழியை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் பூசி நிரப்ப மூன்று, நான்கு மாதம் ஆகும். இடிப்பது சுலபம், கட்டுவதுதான் பாடு.

இடிக்கும் செல்களை வேலைக்கு அழைப்பது ரேங்க்எல் என்ற புரதம். அதைப் பிடித்து முடக்கி வைப்பது ஓபிஜி என்ற இன்னொரு புரதம். சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் முன்னதைக் குறைக்கும், பின்னதைக் கூட்டும், இடிக்கும் செல்களின் ஆயுளையும் சுருக்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் அந்த ஹார்மோன் சரிகிறது. இடிக்கும் கூட்டம் பெருகி, பல இடங்களில் ஒரே நேரத்தில் பறிக்க ஆரம்பித்துவிடுகிறது. கட்டும் செல்களும் சும்மா இருப்பதில்லை, ஆனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பு தொடங்கி இரண்டாண்டு பின்பு வரை இழப்பு வேகமாக இருக்கும்: முதுகெலும்பில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். அப்புறம் வேகம் தணியும்.

ஏன் முதலில் முதுகெலும்பு? அதன் உள்பகுதி கெட்டி இல்லை. மெல்லிய எலும்புக் கம்பிகளின் பின்னல். கட்டடத்துக்குச் சவுக்குக் கம்பால் சாரம் கட்டுவார்களே, அதே மாதிரி. பரப்பு அதிகம் என்பதால் பறிக்கவும் இடம் அதிகம். முதலில் அறுபடுவது பெரும்பாலும் குறுக்குக் கம்புகள். ஒரு குறுக்குக் கம்பு போய், நெட்டுக் கம்பின் பிடியில்லாத நீளம் இரண்டு மடங்கானால், அது வளையாமல் தாங்கும் பாரம் நான்கில் ஒன்றாகிவிடும். அறுந்துபோன கம்பியின் மேல் பூசுவதற்கும் எதுவும் மிச்சமில்லை. டெக்ஸா ஸ்கேன் தாது எவ்வளவு என்று சொல்லும் (இளவயது எலும்போடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண்தான் டி-ஸ்கோர்; அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை). எந்தக் கம்பு போனது என்று சொல்லாது.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், ஆனால் சினைப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் உடனே நின்றுவிடாது. சினைப்பைகள் இரண்டையும் சேர்த்து எடுத்தால் கதை வேறு: சில ஆண்டுகளில் நடக்க வேண்டிய சரிவு சில நாட்களில் நடந்துவிடும். அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சரி, கால்சியம் மாத்திரை? தேவைதான், வைட்டமின் டியும் தேவை. ஆனால் செங்கல் லோடு வந்து இறங்கினால் இடிப்பவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிடுவானா? இழப்பு அதிகமானால் இடிப்பை அடக்கும் மருந்து வேண்டும். டெனோசுமாப் ஊசி ஓபிஜி செய்யும் வேலையையே செய்கிறது, ரேங்க்எல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். நடுவில் விட்டால் அடங்கிக் கிடந்த செல்கள் மொத்தமாகக் கிளம்பி, முதுகெலும்புக் கட்டைகள் வரிசையாக நசுங்கிய நோயாளிகளும் உண்டு. ஊருக்குப் போயிருந்தேன், தேதி தள்ளிப்போச்சு என்பதெல்லாம் இந்த ஊசியிடம் செல்லாது.