பைனாகுலர்: தொலைநோக்கியா, இருகண்ணோக்கியா?

பைனாகுலர்: இரண்டு கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்ப்பதற்காக, இரண்டு சிறு தொலைநோக்கிகளை இணையாகப் பூட்டிய கைக்கருவி.

லத்தீனில் 'பீனி' என்றால் இரண்டிரண்டாக. 'ஓகுலஸ்' என்றால் கண். தொலைவு என்ற பேச்சே சொல்லுக்குள் கிடையாது. தமிழிலோ பலரும் தொலைநோக்கி என்றே எழுதிவிடுகிறோம். அது டெலஸ்கோப்புக்கு உரியது. கிரேக்கத்தில் 'டெலே' தொலைவு, 'ஸ்கோபெயின்' நோக்குதல் என்பதால் உறுப்புக்கு உறுப்பு பொருந்தும். இந்தியில் வழங்கும் பாரசீகச் சொல்லான 'தூர்பீன்' என்பதற்கும் தொலைவில் பார்ப்பது என்றுதான் பொருள். பைனாகுலருக்கு இருகண்ணோக்கி என்பதே சரியான தமிழ். கண்+நீர் கண்ணீர் ஆவதுபோல, கண்+நோக்கி கண்ணோக்கி ஆகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியவில்லை. தொலைநோக்கி என்று நினைத்துக் கடைக்குப் போகிறவர் "எவ்வளவு தூரம் தெரியும்?" என்று கேட்டு, 20 மடங்கு, 30 மடங்கு என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்கி வருகிறார். தனுஷ்கோடி மணல்திட்டில் கச்சான் காற்றுக்கு எதிரே நின்று அதைப் பிடித்தால் பூநாரையும் தெரியாது, உள்ளானும் தெரியாது, எல்லாம் ஆடும். கருவி எத்தனை மடங்கு பெரிதாக்குகிறதோ, கை நடுக்கத்தையும் அத்தனை மடங்கு பெரிதாக்கும். கையில் பிடித்துப் பார்க்க 8 போதும், 10 உச்சம். படகில் என்றால் 7.

8×42 என்பதில் 8 உருப்பெருக்கம், 42 பொருளருகு வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண்ணருகு வில்லை வழியே வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. பளிச்சென்ற பகலில் நம் கண்மணி 2 முதல் 3 மி.மீ.தான் திறக்கும். ஆகவே மண்டபம் கரையில் பத்து மணி வெயிலில் 8×32ம் 8×42ம் வெளிச்சத்தில் வேறுபடாது. 32 எடை குறைவு, கழுத்து தப்பிக்கும். விடியலிலும் மாலை மங்கலிலும்தான் 42 தன் வேலையைக் காட்டும். ராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைச் சரணாலயங்களான சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்களில் பறவைகள் கிளம்பும் நேரமும் அடையும் நேரமும் அவைதான். 10×25 பாக்கெட் வகையில் ஒளிவட்டம் 2.5 மி.மீ.; கண் சற்று விலகினாலே படம் இருண்டுவிடும். கப்பலில் நெடுங்காலமாக 7×50 வழங்குவதற்கும் இதே கணக்குதான் காரணம்: வட்டம் 7 மி.மீ.க்கு மேல், ஆட்டமும் குறைவு.

உள்ளே ஒளியை மடக்கித் திருப்பும் முப்பட்டகங்கள் உண்டு. இத்தாலியரான போரோ 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பை, 1894இல் யேனா நகரின் சைஸ் நிறுவனம் செம்மையாகச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோள் அகன்ற உருவம் போரோ. நேர்க்குழாய் உருவம் ரூஃப், அதாவது கூரை வடிவ முப்பட்டகம் கொண்டது. குறைந்த விலையில் போரோவே தெளிவு.

இரண்டு கண் என்ற சொல்லின் முழு எடையும் இறங்கும் இடம் குழல்களின் இணைவு. கீழே விழுந்த கருவியில் முப்பட்டகம் மயிரிழை நகர்ந்தாலும் இரு படங்களும் ஒன்றாகாது. மூளை இழுத்துப் பிடித்துச் சேர்க்கும். கால் மணி நேரத்தில் தலைவலி வரும். பழையதை வாங்கும்போது இதைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். கருவியைச் சுவர்மேல் அசையாமல் வைத்து, தொலைவில் உள்ள ஒரு கிடைக்கோட்டை, உதாரணமாகப் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டரைப் பிடியுங்கள். பிறகு கண்ணை மெல்ல ஒரு சாண் பின்னே எடுங்கள். இரு வட்டத்திலும் கோடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் ஏறி, ஒன்றில் இறங்கினால் விட்டுவிடுங்கள். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

இணைவு சரியாக இருந்தும் ஒரு கண் மங்கினால், கோளாறு பெரும்பாலும் கருவியில் இல்லை. வலக்குழலை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்குழலை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். ஒருமுறை வைத்தால் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ரப்பர் கிண்ணத்தை இறக்கிவிட்டு, கண்ணிடைவெளி, அதாவது கண்ணருகு வில்லையிலிருந்து கண் எவ்வளவு தள்ளியிருந்தும் முழுப் படமும் தெரியும் என்ற தூரம், 15 மி.மீ.க்குக் குறையாததாகத் தேட வேண்டும்.

மேம்படுத்த நினைத்தால் 8இலிருந்து 12க்குத் தாவ வேண்டாம். முதலில் தோளில் எடை ஏற்றும் நான்கு பட்டை வார் வாங்குங்கள். அடுத்து அதே 8×42இல் ஈடி (ED) கண்ணாடி, அதாவது ஒளியின் நிறங்கள் பிரிவதைக் குறைக்கும் வில்லை. வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா நிறம் கசிவது அதில் நன்றாகக் குறையும். நண்பகலில் மணல்மேல் அலையும் கானலை மட்டும் எந்த விலையும் தீர்க்காது. விடியலில் போவதே வழி.

இந்தக் கரையில் கருவியைக் கொல்வது உப்பு. சாரல் காய்ந்த வில்லையைச் சட்டைத் துணியால் துடைத்தால், உப்புப்படிகம் பூச்சைக் கீறிவிடும். நைட்ரஜன் அடைத்த, நீர் புகாத கருவி என்றால் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவிவிட்டு, ஈரத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அடைப்பு இல்லாததை நனைக்கக் கூடாது. ரப்பர் குமிழால் ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தொடுங்கள். அடுத்த எதிரி பூஞ்சை. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அதிலேயே மூடி வைக்க வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறுதீயில் கிளறினால் மீண்டும் நீலமாகும். ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள்.